மூன்று இழை பியூஸ் கம்பி

ராத்திரி மணி பத்தே முக்கால். வெள்ளக்கடையைத் தாண்டி மேலே ஏறும் எஸ்டேட் ரோடு. தை மாதப் பனி... ஹெட்லைட் வெளிச்சம் நாலடி போய், அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. ரோட்டில் ஒரே ஒரு மொபெட். அதில் பாலகுமாரின் சித்தப்பா சின்னத்தம்பி.

பாலகுமார் இதோ இருக்கிறான். நான் சொல்வது பொய்யென்றால் கையைத் தூக்கச் சொல்லுங்கள்... தூக்கவில்லை, பார்த்தீர்களா? போர்வையை விட்டுக் கையை எடுக்கப் பயம் என்றும் சொல்லலாம். சரி.

சித்தப்பா ஏற்காட்டில் ஒயர்மேன். அன்றைக்குக் கூப்பிட்டது அம்மணி. அந்தக் காட்டுக்குள் இருக்கும் பழைய பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவள்.

"அண்ணா, பியூஸ் நிக்கவே மாட்டேங்குதுங்க. பாப்பாவுக்கு எளப்பு நொம்ப அதிகமாயிருச்சு. மெஷின் போடோணும். சீக்கிரம் வாங்கண்ணா."

பாப்பா என்றால் அவள் மகள் மலர். ஆறு வயது. மூச்சு இளைத்தால் மருந்தை ஆவியாக்கி மூக்கில் விடும் மெஷின் வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

பங்களா வெள்ளைக்காரன் காலத்தது. தரை பலகை, சுவர் பலகை, மச்சும் பலகை. பலகைக்குப் பின்னால் துணி சுற்றிய பழைய ஒயர். ஓனர் வெளியே பெயிண்ட் அடித்து, 'பாரம்பரிய விடுதி' என்று போர்டு வைத்தார். ஒயரை மாற்றவில்லை. அதுவும் பாரம்பரியம்தானே.

மலையில் ஒயர்மேன்களுக்குக் குளிர்காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. ஒயர் சூடாகும் முன் உருகி விழுவதுதான் பியூஸ் கம்பியின் ஒரே வேலை. ஹீட்டர் போட்டால் அது அந்த வேலையைச் செய்யும். ஓனர் திட்டுவார். அதனால் அடுத்த தடவை ஒரு இழைக்குப் பதில் மூன்று இழையை முறுக்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பியூஸ் போகவே போகாது. போவதாக இருந்தால் வீடுதான் போக வேண்டும். போன வாரம்தான் சித்தப்பா இந்த பங்களாவிலும் மூன்று இழை முறுக்கினார். ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் ஒரு சத்தம். கீ... கீ... காற்றில் மூங்கில் உரசுவதுபோல. குழந்தையின் மூச்சு.

சித்தப்பா டார்ச் அடித்தார். பியூஸ் போகவில்லை. கம்பி மாட்டிய பீங்கான் கட்டை போர்டிலிருந்து கழன்று, தரையில் மல்லாந்து கிடந்தது. மூன்று இழையும் அப்படியே இருந்தது.

"ஏம்மா, இதை யாரு புடுங்குனது?"

"நானும் பாப்பாவுந்தானுங்க இருக்கோம். மூணு தடவை எடுத்துச் சொருகினேன். மூணு தடவையும் கீழ கெடக்குது."

"எலியா இருக்கும்."

பீங்கான் கட்டையைக் கழற்றத் தெரிந்த எலி. மலையில் படிப்பறிவு அதிகம்.

சொருகினார். பல்பு எரிந்தது. ஹீட்டர் சிவந்தது. மெஷின் கர்ர்ர் என்றது. மலர் மெஷினின் மூடியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ரெண்டு நிமிஷம்.

டொக்.

இருட்டு. கட்டை அவர் காலடியில் கிடந்தது. கீ... கீ...

மறுபடி சொருகினார். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை, கட்டையை அழுத்திக்கொண்டே நின்றார். அப்போது அவர் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள் வந்து உட்கார்ந்தன. சின்ன விரல்கள். கணகணவென்று சூடு. ஒன்றொன்றாக அவர் விரலைப் பிரித்தன... பொறுமையாக.

வாசனை வந்தது. முதலில் ரப்பர். பிறகு முடி கருகும் வாசனை.

"அண்ணா, புள்ள மூச்சு வாங்க முடியாமக் கெடக்குதுங்க!"

அந்தக் குரலில்தான் அவருக்குச் சுய நினைவு வந்தது. பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். கட்டையைப் போர்டோடு சேர்த்துப் பத்துச் சுற்று சுற்றினார். இனி எந்தக் கையாலும் பிடுங்க முடியாது.

மெஷின் ஓடியது. குழந்தையின் இளைப்பு கொஞ்சம் குறைந்தது.

அப்புறம் தட்டும் சத்தம்.

டொக். போர்டுக்குப் பின்னால், பலகைக்கு உள்ளே. டொக். ஒரு முழம் மேலே. டொக். டொக். ஒயர் போகும் பாதையிலேயே சுவரில் ஏறி, மச்சுக்குப் போய், நேராக நடந்து... மலர் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே நின்றுவிட்டது.

சித்தப்பா சுவர்ப் பலகையில் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். தோசைக்கல்.

ஹீட்டரை எட்டி உதைத்து அணைத்தார். டேப்பைப் பிரிக்க ஓடினார். நுனி கிடைக்கவில்லை. நன்றாக வேலை செய்யும் ஒயர்மேன் சுற்றிய டேப்பில் நுனி கிடைக்காது. நகத்தால் பிறாண்டினார். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார், அது இது.

"பாப்பாவை எந்திரிக்கச் சொல்லு! கட்டுல்ல இருந்து எடு!"

அம்மணி கட்டிலை நோக்கித் திரும்பினாள். அவள் ஒரு அடிகூட வைக்கவில்லை. மலர் கட்டிலிலிருந்து பறந்து வந்து அவள் காலடியில் குப்புற விழுந்தாள். யாரோ தள்ளியதுபோல.

மச்சுப் பலகை பிளந்தது. ஒரு கூடை நெருப்பு அப்படியே தலையணையில் கொட்டியது.

வெளியே ஓடினார்கள். கடைசியாக வந்த அம்மணி கதவை இழுத்துச் சாத்தினாள். மூன்று பேரும் மொபெட்டில். முதல் வளைவில் சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பனிக்குள்ளே எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். விடிவதற்குள் பங்களா இல்லை.

ஆஸ்பத்திரியில் மலருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. நர்ஸ் சுவெட்டரைக் கழற்றும்போது நிறுத்தினாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு யாரு சூடு வெச்சது?"

சுவெட்டரின் முதுகில் பழுப்பாகக் கருகிய ஒரு தடம். ஐந்து விரலோடு ஒரு உள்ளங்கை. அடியில் தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. அம்மணி தன் கையை வைத்துப் பார்த்தாள். பெரிசு. சித்தப்பா கை இன்னும் பெரிசு. மலரின் கையை வைத்தார்கள். சரியாகப் பொருந்தியது. ஆனால் தன் முதுகில் தானே அப்படி நேராகக் கை வைக்க யாராலும் முடியாது. இங்கேயே முயற்சி செய்து பாருங்கள்... வேண்டாமா? சரி.

"கண்ணு, உன்னை யாரு சாமி தள்ளுனது?" என்றார் சித்தப்பா.

மலர் மூடியை விலக்கினாள். அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அந்தப் புள்ளையும் நம்ம பின்னாலயே ஓடி வந்துச்சும்மா. நீ ஏன் கதவைச் சாத்துனே?"