பேட்டரி வேண்டாம் என்றேன்

ஃபைபர் இணைப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இன்னும் கேபிள் நெட்தான் என்றால் தாராளமாக மாறிக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து மெல்லியதாக ஒரு வெள்ளைக் கம்பி வருகிறது, சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுகிறார்கள், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. படம் நடுவில் நிற்பதில்லை, குரல் விட்டுவிட்டு வருவதில்லை. நீங்கள் கேட்க வந்தது இது இல்லை என்று எனக்குத் தெரியும் சார். ஆனால் எல்லாம் இதில்தான் ஆரம்பித்தது, அதனால் இதிலிருந்தே சொல்கிறேன். எழுதிக்கொள்பவர் நிதானமாக எழுதட்டும். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

நான் கணக்கு டீச்சர். அண்ணி இறந்தபோது, அண்ணனுக்குத் துணையாக இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஒரே ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதம் ஒன்பது வருஷமாகிவிட்டது. பள்ளிக்கூட வேலையை விட்டேன். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தும் வேலை ஒன்று கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அண்ணன் என்னைக் கூப்பிடுவது பாப்பா. டாக்டர் முன்னாலும் பாப்பா, காய்கறிக்காரர் முன்னாலும் பாப்பா, நான் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்தும் பாப்பா. திரையில் முப்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அண்ணன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறை என்று ஒன்று உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. இடுப்புயரத்துக்குப் பேட்டரிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். மின்சாரம் போனாலும் அந்தக் காலத்துப் போன்கள் சாகாமல் இருந்தது அதனால்தான். அந்த அறை அண்ணன் பொறுப்பில் இருந்தது. "ஊரே இருண்டு கெடந்தாலும் ரிசீவரை எடுத்தா டயல் டோன் வரும் பாப்பா. அது சும்மா வராது, என் பேட்டரியிலேர்ந்து வருது" என்பார். சாப்பிடும்போது சொல்வார், மாத்திரை விழுங்கிக்கொண்டே சொல்வார். எனக்குக் காது புளித்துப்போயிற்று. கேபிள் பெட்டிக்கு அடியில் சோப்புக் கட்டி அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, ஃபைபர் பெட்டியில் அது கிடையாது, கேட்டு வாங்கினால்தான் உண்டு என்பதெல்லாம் ஒரு கணக்கு டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே. அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

நாலு வருஷமாக அவருக்கு நுரையீரல் பழுது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். மெஷின் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் போனால் மூலையில் நிற்கிற சிலிண்டருக்குக் குழாயை மாற்ற வேண்டும். சிலிண்டரைத் திறக்க ஒரு சாவி உண்டு, அதைத் திருகுகிற தெம்பு அவர் கையில் இல்லை. நான்தான் திறப்பேன். நான் வெளியே போகிற நேரத்துக்காக அவர் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அமுக்கினால் வீட்டுப் போன் வழியாக ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தகவல் போகும். செல்போனெல்லாம் அவருடைய நடுங்கும் விரலுக்குச் சரிப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார். அந்தப் பக்கம் ஒரு பெண் "சொல்லுங்கய்யா" என்பாள். "டெஸ்டிங்மா" என்று சொல்லிவிட்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி என்னைப் பார்ப்பார்.

இப்போது நீங்கள் கேட்ட ஹேர்பின் விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் பெட்டி அவர் அறையில்தான் இருந்தது, நெட்டும் வீட்டுப் போனும் அதன் வழியாகத்தான். பெட்டியின் பின்னால் ஒரு பொடித்துளை. அதில் ஊசி மாதிரி எதையாவது விட்டு அழுத்தினால் பெட்டி அணைந்துபோய் மறுபடி உயிர்பெறும். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். என் கண்ணாடி மேஜையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினம் பதினொரு மணிக்கு அண்ணன் இந்தக் காரியத்தைச் செய்வார். "மெஷினுக்கும் ஓய்வு வேணும் பாப்பா. எக்ஸ்சேஞ்சுல நாங்க அப்படித்தான் வெச்சிருந்தோம்." பதினொரு மணிக்குத்தான் எனக்கு வகுப்பு. பின்னத்தை வெட்டிக் காட்டிக்கொண்டிருப்பேன், பாதியில் நின்றுவிடுவேன். "டீச்சர் செலையாயிட்டாங்க" என்று ஒரு வாண்டு கத்தியதைப் பிள்ளைகளின் அம்மாக்களே எனக்குச் சொன்னார்கள். அண்ணனிடம் நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன். ஃபைபருக்கு மாறிப் பெட்டியை ஹாலில் வைத்துவிடலாம் என்று கேட்டேன், அதில் பேட்டரி கிடையாது என்று மறுத்துவிட்டார். கெஞ்சினேன். கத்தினேன். சரி சரி என்பார். ஹேர்பின்னைப் பிடுங்கிக்கொண்டால் மறுநாள் இன்னொன்று அவர் பையில் இருக்கும்.

பெற்றோர்கள் புகார் கொடுத்தார்கள். எங்கள் வகுப்புகளுக்கு மேற்பார்வை பார்க்கிற அம்மா மூன்று தடவை எச்சரித்தார். நாலாவது தடவை திரையில் வந்து, "இனிமே நாங்க உங்களை" என்று ஆரம்பித்தார். அப்படியே உறைந்துபோனார். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி. மணியைப் பார்த்தேன், பதினொன்று. என்னை வேலையிலிருந்து நீக்கிய வாக்கியத்தின் மீதிப் பாதியை இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை சார்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நல்லதாப் போச்சு விடு பாப்பா. எத்தனை நாளைக்குத் தொண்டை கிழியக் கத்துவ? ரெஸ்ட் எடு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவையாவது, ஐயையோ என்னாலதானே போச்சு என்று அவர் வாயிலிருந்து வந்திருந்தால் நான் ஆறிப்போயிருப்பேன். நான் அப்படி ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், முதுகு துடைத்துவிட்டேன், குழாயைக் கழுவிப் போட்டேன். ஒரு நாள்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. நான் மாறிவிட்டேன் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஏழாவது மாதம் அவரே ஆரம்பித்தார். "உனக்கு அவ்வளவு ஆசைன்னா ஃபைபரே போட்டுக்கோ பாப்பா. பேட்டரியை மட்டும் மறக்காம கேட்டு வெச்சிடு." கேட்டது கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். வேலை போய் ஏழு மாதம் கழித்து வருகிற சம்மதத்தை வைத்துக்கொண்டு நான் நாக்கு வழிப்பதா? ஆனாலும் சரி அண்ணா என்றேன்.

ஃபைபர் கம்பெனியில் மூன்று தேதி சொன்னார்கள். புதன்கிழமை, வெள்ளிக்கிழமை, இல்லாவிட்டால் அடுத்த திங்கள். நான் புதன் என்றேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை எதுவும் இல்லைதான். பராமரிப்பு வேலைக்காக வியாழக்கிழமை காலை பத்திலிருந்து மாலை நாலு வரை எங்கள் தெருவில் மின்சாரம் இருக்காது என்று அவர்கள் தேதி சொன்னதற்கு முந்தின நாளே என் செல்போனுக்குச் செய்தி வந்திருந்தது. வழக்கமாக அப்படி வந்தால் அண்ணனிடம் சொல்வேன். சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, மின்சாரம் போகிற நேரத்துக்குத் திறந்துவிட்டு, அன்றைக்கு முழுக்க வீட்டைவிட்டு நகர மாட்டேன். இந்தத் தடவை சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம், அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில் ஃபைபர்காரர் வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். முதல் வேலையாகக் கேபிள் பெட்டியை நானே அண்ணன் அறையிலிருந்து எடுத்து வந்து கதவைச் சாத்தினேன். புதுப்பெட்டியை ஹாலில், வாசல் பக்கத்துச் சுவரில் மாட்டச் சொன்னேன். வேலையை முடித்துவிட்டுப் படிவத்தை வாசித்தார்.

"வீட்ல ஆக்சிஜன் மாதிரி மெஷின் வெச்சிருக்கிற பேஷண்ட் யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா பேட்டரி ஃப்ரீ. கண்டிப்பா வெச்சுத் தரணும்னு ரூல்."

"யாரும் இல்லைங்க."

அவர் தலையைச் சாய்த்தார். "உள்ளே ஏதோ மெஷின் ஓடுதே?"

"பழைய ஃப்ரிட்ஜ்."

"கரண்ட் போனா இந்தப் போன் வேலை செய்யாதும்மா. எதுக்கும் வெச்சுக்கோங்களேன், வண்டியிலயே இருக்கு. பத்து நிமிஷம்."

"வேண்டாங்க" என்றேன். வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் காட்டிய படிவத்தில் இருப்பது என் கையெழுத்துதான், தெளிவாகவே இருக்கிறது. அவர் போனதும் கேபிள் பெட்டியைக் கொண்டுபோய்க் கேபிள்காரர்கள் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு ஒரு வாரம் அவகாசம் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் விழித்திருந்தார். "பேட்டரி வெச்சாங்களா பாப்பா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"வெச்சாச்சுண்ணா."

"எவ்வளவு நேரம் தாங்குமாம்?"

"எட்டு மணி நேரம்னு சொன்னாங்க."

"பரவாயில்லையே, நல்ல கம்பெனிதான்" என்றார். கழுத்துப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். மின்சாரம் இருந்ததால் அந்தப் பெண் பேசினாள். டெஸ்டிங்மா என்றார்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குக் கிளம்பினேன். வேலை கேட்டிருந்த வேறொரு கம்பெனியில், கம்ப்யூட்டர் வழியாக மாதிரி வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்கு. வீட்டில் மின்சாரம் இருக்காதே, அதனால் நூலகத்தில் ஒரு தனி அறை கேட்டு வைத்திருந்தேன். "சீக்கிரம் வந்துடுவியா பாப்பா?" என்று கேட்டார். மதியம் வந்துவிடுவேன் என்றேன். சிலிண்டர் எப்போதும் போல மூலையில் இருந்தது. சாவி எப்போதும் போல சமையலறை இழுப்பறையில் இருந்தது. நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. இதை எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும்.

பத்து ஐம்பதுக்கு அண்ணன் மகள் என் செல்போனில் கூப்பிட்டாள். வேறு ஊரில் இருப்பவள், தினம் ஒரு தடவை அப்பாவோடு பேசிவிடுவாள்.

"அத்தை, வீட்டுப் போன் அடிக்கவே மாட்டேங்குது. அப்பா எங்கே?"

நூலகத்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். "நேத்துதானே லைன் மாத்துனோம், இன்னும் செட்டாகலை" என்றேன். "அப்பா தூங்குறார். இப்பதான் பார்த்தேன்."

"நல்லா இருக்காரா அத்தை?"

"நல்லா இருக்கார். எழுந்ததும் பேசச் சொல்றேன்."

நீங்கள் அந்த அழைப்பு எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்திருக்கிறீர்கள், அதனால் மறைக்க எதுவும் இல்லை. மெஷின் நின்று அப்போது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. டாக்டர் பிற்பாடு சொன்னதை வைத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரரை ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவர் நம்பர் என் செல்போனில் இருக்கிறது. நான் உள்ளே போய் வகுப்பு எடுத்தேன். நாற்பது நிமிஷம், ஒரு இடத்தில்கூடப் படம் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் நடத்திய வகுப்புகளிலேயே அதுதான் அருமையான வகுப்பு. வேலை கிடைத்துவிட்டது.

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். மின்சாரம் வந்துவிட்டிருந்தது, ஆக்சிஜன் மெஷின் ஆளில்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஹாலில், புதுப்பெட்டிக்கு நேர் கீழே குப்புற விழுந்து கிடந்தார். மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் சுவரைப் பிடித்தே வந்திருக்கிறார். சுவரில் கை பட்ட தடம் இருந்தது. வலது கையில் என் ஹேர்பின்.

பெட்டி செத்துக் கிடக்கிறது, போனுக்கு மறுபடி உயிர் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவர் மகள் சொல்லிச் சொல்லி அழுகிறாள். பேட்டரி இருக்கிறது என்று நம்பினவர் வேறு என்ன செய்வார் என்கிறாள். அவளுக்கு அப்பாவைப் பற்றி என்ன தெரியும். நான் அவரோடு ஒன்பது வருஷம் இருந்தவள். சாகிற நேரத்திலும் என் லைனைத்தான் நோண்ட வந்திருக்கிறார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து ஹேர்பின்னை எடுத்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை சார், ஆத்திரம்.

டாக்டர் நோய் முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் மகள் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள், அந்தப் பெண் "சொல்லுங்கய்யா" என்றாள். அதோடு எல்லாரும் விட்டுவிட்டார்கள். நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள். போன வாரம் நானே ஃபைபர் கம்பெனிக்குப் போன் செய்ததுதான் வினையாகப் போயிற்று. அதே ஃபைபர்காரர் வந்தார். வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. போகும்போது, திறந்திருந்த அறைக்குள் மெஷினையும் சிலிண்டரையும் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கும்மா?"

"எங்கண்ணனுக்கு. இப்ப இல்லை."

"எப்போ தவறிட்டார்?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள்."

ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார். கையெழுத்துக்கூட வாங்காமல் போய்விட்டார். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறார். அதனால் மறுபடியும் சொல்கிறேன், புதன்கிழமையை நான்தான் தேர்ந்தெடுத்தேன், மின்சாரம் போகும் என்று எனக்குத் தெரியும், அண்ணனால் போனில் யாரையும் கூப்பிட முடியாது என்றும் தெரியும். அதற்காகத்தான் செய்தேன்.

இத்தனை நாள் கழித்து எதற்குப் பேட்டரி வைத்தாய் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இதில் கேட்க என்ன சார் இருக்கிறது? நான் தனியாக இருக்கிற பொம்பளை. திடீரென்று மின்சாரம் போய், எனக்கு மூச்சு முட்டிக்கொண்டு வந்தால், நான் யாரைக் கூப்பிடுவேன்?