தாலுகா ஆபீசுக்குப் பூசிய சென்ட்

“இந்த வாசனையோட போனா நம்ம நிலம் போயிடுங்க.”

முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. நன்னிலம் போகும் பேருந்து, சித்திரை வெயில். உழுகிற குத்தகைதாரர்களின் பெயரைப் பதியச் சட்டம் வந்திருந்த சமயம். அவளருகில் வெள்ளைச் சட்டையில் கணவர்.

“உன் தம்பிதானே சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தான்? வெயிலுக்கு நல்லதுன்னு நீயே சொன்னே.”

“நல்லாத்தான் இருக்கு. எலுமிச்சம்பழத்த நறுக்கின மாதிரி மணக்குது. இவ்வளவு வேர்த்தும் வேர்வை நாத்தமே இல்லை. அதாங்க பயமா இருக்கு.”

“பயந்தா எனக்கு வேர்த்துக் கொட்டும். தாசில்தார் முன்னாடி நாறிக்கிட்டு நிக்க வேணாமேன்னு போட்டேன்.”

“நீங்க வயல்ல இறங்கினதே இல்லைன்னு மிராசுதார் சொல்லிக்கிட்டு இருக்காரு. இப்படி மணந்துகிட்டுப் போனா ஆபீசர் யாரை நம்புவாரு?”

அவர் துண்டால் கழுத்தை அழுத்தித் துடைத்தார். அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

“போவலைங்க. தேய்க்கத் தேய்க்க இன்னும் தூக்குது.”

“பேசாம திரும்பிடலாமா? பதிஞ்சா ஊர்ல இருக்க விடமாட்டேன்னு மிராசுதார் சொன்னாரே.”

“திரும்பினா மட்டும் விட்டுடுவாரா?”

பேருந்து தாலுகா ஆபீஸ் எதிரே நின்றது. வேப்பமரத்தடியில் நாலைந்து ஆட்களுடன் ஒருவர் குடை பிடித்து நின்றிருந்தார்.

“அவரு வந்துட்டாரு” என்றார் கணவர். எழுந்திருக்கவில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வந்தாள்.

“அந்த வயல்ல நடவு நட்டவ நான். முதல்ல என்னைக் கேக்கட்டும்.”

அவள் இறங்கினாள். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவரும் எழுந்து பின்னால் ஓடினார்.