மாலை பிடிக்கும் பிள்ளை

தை மாதத்தில் மதுரையில் மல்லிகை கிடைப்பது கஷ்டம் என்பது இன்ஸ்பெக்டர் அய்யாவுக்குத் தெரியாமல் இராது. பனிக்குப் பூ வராது. வந்தாலும் கிட்டே போக முடியாத விலை. அதனால் எங்கள் பாலர் இல்லத்தில் எப்போதும் செவ்வந்தி மாலைதான். சிம்மக்கல் பூக்கடையில் சொல்லி நெருக்கிக் கட்டச் சொல்வேன். நல்ல கனமாக இருக்கும்.

ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். என் பெயர் நல்லகாமன். வைகைக் கரையில், தாய் தகப்பன் இல்லாத நாற்பது பிள்ளைகள் இருக்கும் அந்த இல்லத்துக்கு நான்தான் மேனேஜர். பாலர் சகாய சங்கம் என்று ஒரு பெரிய மனிதர் கூட்டம் வருஷா வருஷம் கொடுக்கும் மானியத்தில்தான் அங்கே அடுப்பெரிகிறது. தலைவர் ஒரு மில் முதலாளி. மற்றவர்கள் வக்கீல்கள், மிராசுதார்கள், அவர்களுடைய மனைவிமார். வண்டியூர்த் தெப்பம் பார்க்கக் காரில் வருவார்கள். மறுநாள் காலை அதே காரில் வந்து அநாதைகளையும் பார்த்துவிட்டுப் போவார்கள். சாமி பார்த்த கையோடு தர்மமும் முடிந்துவிடும், பெட்ரோலும் மிச்சம்.

நான் வேலைக்கு வந்த முதல் வருஷம் விவரம் தெரியாமல் இருந்தேன். கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று பிள்ளைகளைத் தேற்றி வைத்திருந்தேன். தலைவர் ஒரு பையனின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். "நல்லாக் கொழுகொழுன்னுதான இருக்கான். இவுகளுக்கு எதுக்குய்யா நம்ம மானியம்?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் மானியத்தில் பாதி, வாடிப்பட்டிப் பக்கத்தில் சொறி பிடித்த பிள்ளைகளை வைத்திருந்த வேறொரு இல்லத்துக்குப் போயிற்று. எங்கள் பிள்ளைகள் சித்திரையிலிருந்து கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள். நாற்பது பேரும்.

அடுத்த தையில் மருது என்ற பையன் விஷக் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தான். வேறு பிள்ளை கைக்கு அகப்படாததால் அவனைத்தான் தலைவருக்கு மாலை போட அனுப்பினேன். மாலையைத் தூக்கும்போது அவன் கை நடுங்கியது. சட்டை மேலேறி விலா எலும்பு தெரிந்தது. வக்கீல் வீட்டு அம்மாள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வருஷம், முன்பு குறைத்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வித்தையை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், நான் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு நாற்பது பிள்ளைகளைப் பார்க்கப் பொறுமை கிடையாது. மாலை போடும் பிள்ளை ஒன்றைத்தான் கிட்டத்தில் பார்ப்பார்கள். அந்த ஒன்று சரியாக இருந்தால் மற்ற எல்லோரும் வருஷம் முழுக்க வயிறாரச் சாப்பிடலாம்.

அதனால் தீபாவளி கழிந்ததும் ஒரு பிள்ளையைப் பிரித்துப் பின்கட்டு அறையில் வைப்பேன். காலையில் வடிகஞ்சி, மாலையில் ஒரு கை பொரி. அடித்ததில்லை, வைததில்லை. மாலை போட்டு முடிந்ததும் பழையபடி சாப்பாடு போட்டுத் தேற்றிவிடுவேன். கருப்பு என்ற பையன் அப்படித் தேறி இப்போது மில்லில் நூல் கட்டுகிறான்.

சமையல்காரி ஒச்சம்மாள்தான் உங்களிடம் புகார் கொடுத்தவள். "பச்சப்புள்ள வயித்த இப்புடிக் காயப்போடுறீகளே, நீங்க நல்லா இருப்பீகளா?" என்று அவள் என்னிடமும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அந்த மானியத்தில் வந்த சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அவள் இரக்கம் அவ்வளவுதான்.

இந்த வருஷம் முத்துத்தாயைத் தேர்ந்தெடுத்தேன். வாந்திபேதியில் பெற்றவர்கள் போய்விட, தங்கை இருளாயியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள். தங்கைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போடுவதாகச் சொன்னேன். உடனே சரி என்றாள். நானும் சொன்ன சொல் தவறவில்லை. இருளாயியின் தட்டில் தினமும் இரண்டு கரண்டி கூடுதலாகத்தான் விழுந்தது.

மார்கழிக் கடைசியில் முத்துத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். தெப்பத்துக்குப் பத்து நாள்கூட இல்லாதபோது சோறு போட்டால் அதுவரை அவள் பட்ட கஷ்டம் வீண்தானே.

அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பசிக்கிறது என்றால் பிச்சை கேட்பதுபோல இருக்கும், பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்காது. தெப்பத்துக்கு மறுநாள் அவள் மாலை போட்டு முடித்ததும் வக்கீல் அம்மாள் குனிந்து, "சாப்டியா கண்ணு?" என்றாள்.

"சாப்டேனுங்க" என்றாள் முத்துத்தாய்.

அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தலைவரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மானியம் இரண்டு மடங்காயிற்று. போட்டோக்காரன் ஒரு படம் எடுத்தான். அதோடு போயிருந்தால் இன்று நாம் இப்படி உட்கார்ந்து பேச வேண்டியிருந்திருக்காது. அந்த அம்மாள் ஒரு பெட்டி நெய் லட்டை முத்துத்தாயின் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர்களை வழியனுப்ப நான் கார் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் பெட்டி காலி. தங்கைக்குக்கூட ஒன்று எடுத்து வைக்கவில்லை. சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். விளக்கு வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

நன்றாகக் கவனியுங்கள். அவள் பட்டினியால் சாகவில்லை, தின்று செத்தாள். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் நாடியைக்கூடப் பார்க்காமல் தலையாட்டினார். பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னேன். "முத்துத்தாய் தின்னுதான் செத்தா. பார்த்துக்கங்க."

மூன்று மாதம் பட்டினி கிடந்த குடல் நெய் லட்டைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். பெட்டியைப் பிடுங்கியிருக்க வேண்டும். சங்கத்தார் முன்னால் பிடுங்கினால் நன்றாக இராது என்று விட்டுவிட்டேன். மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

முத்துத்தாயின் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். வருகிற வெள்ளிக்கிழமை தலைவர் வந்து திறந்து வைக்கிறார். மாலை போடத் தங்கைதான் பொருத்தம் என்று அந்த அம்மாளே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அக்காள் செத்தபோது ஒச்சம்மாள் உங்களிடம் வரவில்லை. இப்போது தங்கைக்காக வந்திருக்கிறாள். நேற்று அவள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு இருளாயியிடம் கெஞ்சியதை நானும் பார்த்தேன். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டியது.

"அக்கா தின்னுதான் செத்துச்சுன்னு மேனேசரய்யா சொன்னாக. நான் சாக மாட்டேன்."

"அப்புடி இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. நீங்க சொன்னாத்தான் கேக்கும்" என்று ஒச்சம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கிறது, பிள்ளையும் இப்போதுதான் சரியான பதத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளையை நான் பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அய்யா. வேளாவேளைக்கு அதன் தட்டு நிறையச் சோறு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.