மூணாவது குரல்

...சரி, நம்ம புதுச் சேர்மன் மாலையக் கழட்டி வெச்சு மூச்சு விடட்டும். அதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். சின்னதுதான், பந்தியில சோறு ஆறிடாது.

வெள்ளைக்காரன் காலம். வில்மாட்னு ஒரு துரை. ஆறு எங்க பொறக்குது, மலை எங்க முடியுதுன்னு தேடி வந்த ஆளு. வழிகாட்ட ஒரே ஒரு மலைக்காரர், பேரு மல்லன். வருஷக்கணக்கா ஒண்ணா நடந்தாங்க... ஒரே சட்டியில கஞ்சி குடிச்சாங்க.

அந்தக் காட்டுல ஒரு வழக்கம். பனி மூடிருச்சுன்னா, ஒருத்தர் 'ஓ...ஓய்'ம்பாரு. மத்தவரு திருப்பி 'ஓ...ஓய்'ங்கணும். மூணு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையா? ஆளு செத்துட்டான்னு அர்த்தம். தலைப்பாகைய அவுத்துட்டுத் திரும்பிப் பாக்காம நடந்துரணும்.

ஒரு தடவை துரை காய்ச்சலோட பள்ளத்துல விழுந்துட்டாரு. மல்லன் கூப்பிட்டாரு... பதில் இல்ல. மறுபடி... இல்ல. மூணாவது குரலுக்கு, வறண்ட நாக்கோட, துரை 'ஓய்'னாரு. அதுலதான் உசுரு பொழச்சாரு.

அப்புறம் அந்தத் துரைய கவர்னர் ஆக்கிட்டாங்க. பெரிய பங்களா. கூப்பிடாம யாரும் பக்கத்துல வரக்கூடாதுன்னு அவரே உத்தரவு போட்டாரு. யாரும் வரல! நீளமான மேசை... ஒத்தையா சாப்பாடு. பாவம்யா அந்த மனுஷன். மல்லன் இருந்தா பேசலாமேன்னு நெனைப்பாரு. ஆள் அனுப்பினாரா? கவர்னர் போய் மலைக்காரனக் கூப்பிடறதான்னு விட்டுட்டாரு.

ஒரு நாள் மத்தியான விருந்து. ஜட்ஜு, கலெக்டரு, எல்லாரும் உக்காந்திருக்காங்க. கேட்டுல வந்து நிக்கிறாரு மல்லன்.

காவக்காரன் கேக்கறான், "என்னய்யா வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. துரைய ஒருக்காப் பாக்கணும்."

"மனு எங்க?"

"பாக்கறதுக்கு எதுக்குங்க மனு?"

உள்ள விடல. மல்லன் அங்கயே நின்னு குரல் குடுத்தாரு. "ஓ...ஓய்..."

துரை கையில கரண்டி அப்படியே நின்னுருச்சு. "என்ன சத்தம் அது?"ன்னாரு கலெக்டர். இத்தனை பெரிய மனுஷங்க முன்னால 'ஓய்'னு கத்தறதா? கூச்சம். ரெண்டாவது குரல்... தொண்டை வரைக்கும் வந்த பதில முழுங்கிட்டாரு. மூணாவது குரல்...

குனிஞ்சு சூப்பைக் குடிச்சாரு.

விருந்தாளிங்க போனதும் கேட்டுக்கு ஓடினாரு. "எங்க அவரு?"

"போயிட்டாருங்க. தலைப்பாகைய அவுத்துக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டே போனாருங்க."

துரை ரோட்டப் பாத்துக் கத்தினாரு. "ஓ...ஓய்..."

காவக்காரன் பயந்துபோய் சல்யூட் அடிச்சான். அவருக்குக் கெடச்ச பதில் அது ஒண்ணுதான்.

சேர்மன் சார்... உங்களத்தான். நேத்து வரைக்கும் டீக்கடை பெஞ்சுல எங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நாளையிலிருந்து உங்க ரூம் வாசல்ல ஒருத்தர் ஸ்டூல் போட்டு உக்காருவாரு. நாங்க வந்து கூப்பிடுவோம். காரியம் ஆகணும்னு இல்ல... எங்க ஆளு உள்ள இருக்காரான்னு பாக்க. பக்கத்துல எந்த மந்திரி இருந்தாலும் கூச்சப்படாம ஒரு சத்தம் குடுங்க. குடுக்கலன்னா நாங்க ரெண்டு நாள் வருத்தப்பட்டுட்டு எங்க வேலையப் பாப்போம். அவ்வளவு பெரிய ரூம்ல தனியா உக்காந்திருக்கப் போறது நீங்கதான்.