தம்பியின் குரல் இருக்கும் டிஸ்க்

"புது டிஸ்கில போட்டாலும் தம்பியின்ர குரல் இதே மாதிரித்தான் கேக்குமோ?"

ஊரில் போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வெக்ஸ்போர்ட் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். குரலைப் பற்றிக் கேட்டவரின் மடியில் ஒரு பழைய லாப்டொப்.

"குரல் மாறாது மச்சான். ஆனா உன்ர லாப்டொப்பின்ர மொடல் நம்பரைத் தேடிப் பாத்தனான். நீ வாங்கப் பாத்த உந்தப் புது சொலிட் ஸ்டேட் டிஸ்கைச் சொருகிற பின் வேற மாதிரி. இதில பூட்ட ஏலாது," என்றார் மற்றவர்.

"வாங்க முந்திப் பாத்தது நல்லதாப் போச்சு. பழைய டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போடுது, எப்ப பழுதாகுமோ தெரியாது."

"அப்ப இண்டைக்கே என்ர கொம்பியூட்டரில கொப்பி பண்ணுவம். என்ன இருக்கு அதில?"

"தம்பி வன்னியில இருந்து எடுத்த ஃபோன் கோல் எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கிறன். தை மாசத்துக்குப் பிறகு அவன் எடுக்கேல்லை."

லாப்டொப்பைத் திறந்து ஒன்றைப் போட்டார். இரைச்சலுக்குள் ஓர் ஆண் குரல் சிரித்தது.

"அண்ணை, முந்தி நீங்கள் சேந்திருந்த பார்க்டேல் ரூமில ஃபோனைத் தூக்கிப் பகிடி விடுறவர் எப்பிடி இருக்கிறார்?"

மற்றவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு பேருக்கு ஒரு ஃபோன். மணி அடிச்சா நான்தான் முதல்ல ஓடுவன். என்னையோ கேக்கிறான்?"

"ஒவ்வொரு முறையும் கேப்பான். நான்தான் உனக்குச் சொல்ல மறந்துபோவன்."

"இன்னொருக்காப் போடு," என்றார் அவர்.