புதன்கிழமை அழாதவள்

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது, ஐயா. கார்னிவல் என்னும் முகமூடித் திருவிழாவின் மூன்று நாளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். ஆனாலும் புவனோஸ் ஐரிஸில் கார்னிவலை வைத்து என்னளவு டாங்கோ பாட்டு எழுதியவர்கள் குறைவு.

எங்கள் பாட்டில் முகமூடி வெறும் துணி அல்ல. ஓர் ஏழைப் பெண் சீமாட்டி வேஷம் போடுவாள், ஆடுவாள், சிரிப்பாள். திருவிழா முடிந்த மறுநாள், சாம்பல் புதனன்று, முகமூடி கழன்றதும் அழுவாள். அழாவிட்டால் அது பாட்டே இல்லை, இரைச்சல்.

எர்மீனியா எங்கள் பாராக்காஸ் குடியிருப்பில் இஸ்திரி போட்டுப் பிழைத்தவள். புருஷன் நசரேனோ அடித்ததில் ஒரு காது கேட்காது. அவனுக்குத் தெரியாமல் ஓடிவந்து எங்கள் முற்றத்தை ஒட்டிய அறையில் தங்கியிருந்தாள். ஜனவரியில் அந்த முற்றத்தில் என் புதுப் பாட்டைப் பாடிக்காட்டினேன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் மட்டும் சிரித்தாள்.

"ஏன் கவிஞரே, உங்க பாட்டுல வர்ற பொம்பளைங்களுக்கு வேற வேலையே கிடையாதா? மூணு நாள் ஆடினா கால் வலிக்கும். வெந்நீர் ஊத்திக்குவாளா, உட்கார்ந்து அழுவாளா?"

"வெந்நீர் டாங்கோ!" என்றான் ரொட்டிக்கடைக்காரன். முற்றமே சிரித்தது.

"இந்த வருஷம் நானும் சீமாட்டி வேஷம் போடப்போறேன். புதன்கிழமை காலையில வந்து பாருங்க. உங்க சட்டையத்தான் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு அர்த்தம் புரியவில்லை, அவ்வளவுதான். புரியவைப்பது என் வேலை என்று பட்டது.

நசரேனோ மாடு வெட்டும் கொட்டடியில் இருப்பதை விசாரித்துப் போனேன். அவன் மாறியிருந்தான். "அவ எங்கயாவது நல்லா இருக்கட்டும், விடுங்க சார். நான் பண்ணினது தப்பு" என்றான். இரண்டாம் முறை ஜின் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள், கைவிடப்பட்ட கணவனைப் பற்றி அவனுக்காகவே எழுதிய சரணத்தைப் பாடினேன். கேட்டு அழுதான். அழுது முடித்ததும், "எந்தத் தெரு?" என்றான்.

முகமூடிக் கூட்டத்தில் அவளைத் தேடி அலைவது கஷ்டம். அதனால் அவள் தானாக வரும்படி செய்தேன். என் அறையில் ஒரு வெள்ளைக் கோமாளி அங்கி உண்டு. அதன் கிழிந்த கையை நீல நூலால் தைத்துத் தந்தவள் எர்மீனியாதான். அதை ஒரு முகமூடியோடு நசரேனோவுக்கு இரவல் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர்வலத் தெருவில் ஒரு காபிக்கடை வாசலில் உட்கார்ந்தேன். அந்த ஒரு நாள் மட்டும் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டேன். ஊதாப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் வந்தாள். எதிரே அங்கியும் முகமூடியுமாக நின்றவன் கையில் நீல நூலைப் பார்த்ததும் அவனிடம் ஓடினாள்.

"அட, கவிஞரே! கடைசியில நீங்களும் ஆட வந்துட்டீங்களா? வாங்க, வாங்க, கால் வலிச்சா நான் வெந்நீர் வெச்சுத் தர்றேன்!"

அவளே அவன் கையைப் பிடித்தாள். இருவரும் கொஞ்ச தூரம் ஆடினார்கள். அழகாகத்தான் இருந்தது. அவள் மடங்கி விழுந்தபோது ஜனங்கள் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவள்மேல் காகிதச் சுருள்களை வீசினார்கள். சுருள் நனைந்து சிவந்த பிறகுதான் ஒருத்தி அலறினாள்.

நசரேனோ முகமூடியைக் கழற்றாமலே ஓடிவிட்டான். நான் அருகே போகவில்லை. அங்கிருந்தே எனக்குக் கேட்டது. "கவிஞரே, நான் என்ன பண்ணினேன்?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

அவனுக்கு நான் வழி சொன்னேன், வேஷம் கொடுத்தேன், மனத்தையும் மாற்றினேன். எதையும் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: குத்தியது நான்தான் என்று நம்பியபடியே அவள் செத்தாள். இந்த விஷயத்தில் யாருக்காவது அநியாயம் நடந்திருக்கிறது என்றால், அது எனக்குத்தான்.