காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

மருமகள்: மெதுவா அத்தை… அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது. வாங்கினாதான் திறக்கணும்.

மாமியார்: திறக்கலடி. மோந்துதானே பாத்தேன்.

மருமகள்: மூடியைத் திருகாம எப்படி மோந்தீங்க?

மாமியார்: அது… தானா திருகிக்கிச்சு. இது என்ன?

மருமகள்: உதட்டுக்கு.

மாமியார்: இது?

மருமகள்: அதுவும் உதட்டுக்குத்தான். உதட்டு ஓரத்துக்கு.

மாமியார்: உதடே அரை விரல் அகலம். அதுல நடுவுக்கு ஒண்ணு, ஓரத்துக்கு ஒண்ணா? அப்புறம் சோறு எந்த வழியாப் போகும்?

மருமகள்: அத்தை, நாம வந்தது உங்க தலைக்கு டை வாங்க. இப்படி ஒவ்வொண்ணா மோந்துக்கிட்டே போனா கடையைச் சாத்திடுவாங்க.

மாமியார்: மணி பதினொண்ணுதானே ஆகுது. இந்த ஊருக்கு வந்து பதினோரு மாசம், ஒரு கடையை உருப்படியாச் சுத்திப் பாத்திருக்கேனா? நீயும் உன் புருஷனும் உள்ள போவீங்க, பாலையும் ரொட்டியையும் தூக்கிக்கிட்டு ஓடி வருவீங்க. ஆமா, நீ வந்த புதுசுல உனக்கு வேணுங்கிறதெல்லாம் இங்க கிடைச்சுதா?

மருமகள்: எங்க கிடைச்சுது? பவுடர் வாங்கினா மூஞ்சி சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. நம்ம நிறத்துக்கு ஒரு பவுடர் கண்டுபிடிக்கவே ஆறு மாசம். மை கிடைச்சுது, ஆனா பென்சில். தேங்காய் எண்ணெய் கிடைச்சுது… சமையல் சாமான் பக்கத்துல வெச்சிருந்தாங்க. அதுவும் கல்லு மாதிரி உறைஞ்சு போய்.

மாமியார்: தலைக்கு?

மருமகள்: தலைக்குன்னா?

மாமியார்: தலைக்கு ஷாம்பூ, கீம்பூ…

மருமகள்: ஓ… அதெல்லாம் கிடைச்சுது. வாங்க வாங்க, இதோ நீங்க கேட்ட வரிசை.

மாமியார்: அடேயப்பா! சுவர் முழுக்கப் பொம்பளைங்க சிரிக்கிறாளுங்க. இதுல நம்மது எது?

மருமகள்: நம்மது இங்க இல்லை அத்தை. நம்ம ஊர்ப் பொடி டை பாக்கெட் எந்தக் கடையிலயும் கிடையாது.

மாமியார்: எந்தக் கடையிலயும்னு அடிச்சுச் சொல்றியே. தேடினியா?

மருமகள்: சும்மா… ஒரு ஊகம்தான். இங்க எல்லாம் க்ரீம். பாருங்க, ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு பாட்டில், ஒரு ஜோடி கையுறை, படிக்க ஒரு முழத்துக்குக் காகிதம்.

மாமியார்: நம்ம ஊர்ல பாக்கெட்டைக் கிழிச்சோமா, பழைய கிண்ணத்துல தண்ணி விட்டுக் கலக்கினோமா, பழைய பிரஷ்ஷால இழுத்தோமான்னு முடிஞ்சுடும்.

மருமகள்: பிரஷ்ஷால இழுத்தா நெத்தியெல்லாம் கறை அத்தை. முதல்ல நெத்தி ஓரமா எண்ணெய் தடவிக்கணும். அப்புறம் விரலாலதான்…

மாமியார்: ஓஹோ! உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?

மருமகள்: கூட வேலை பாக்கிறவ சொன்னா.

மாமியார்: நீ வேலை பாக்கிறது பல் டாக்டர்கிட்ட.

மருமகள்: பல்லுக்கு மேலதானே அத்தை தலை இருக்கு.

மாமியார்: வாய் மட்டும் குறைச்சல் இல்லை. சரி, கருப்பை எடு, போலாம்.

மருமகள்: எந்தக் கருப்பு?

மாமியார்: கருப்புல எந்தக் கருப்புடி?

மருமகள்: இது வெறும் கருப்பு. இது நீலம் ஓடுற கருப்பு. இது கருப்பு மாதிரி இருக்கிற பழுப்பு, இது பழுப்பு மாதிரி இருக்கிற கருப்பு. இங்க பாருங்க, முடிக் கொத்து வரிசையாத் தொங்க விட்டிருக்காங்க. தலையோட வெச்சுப் பொருத்திப் பாக்கணும். கொண்டையைக் கொஞ்சம் பிரிங்க.

மாமியார்: நடுக்கடையிலயா? நல்லா இருக்கே! தலைவிரி கோலமா நிக்கச் சொல்றியா? நீ குல்லாயைக் கழட்டு. உன் முடியில வெச்சுப் பாப்போம்.

மருமகள்: என் முடியிலயா? டை உங்களுக்கு!

மாமியார்: உன் முடியும் என் முடியும் ஒரே நிறம்தான்.

மருமகள்: எனக்குக் காதடைக்குது… குளிர் ஒத்துக்கல.

மாமியார்: கடைக்குள்ள நான் முந்தானையால விசிறிக்கிட்டு நிக்கிறேன், உனக்குக் குளிருதா? மூணு வாரமா இதே கூத்து. சாப்பிடறப்ப குல்லா, தூங்கறப்ப குல்லா.

மருமகள்: டாக்டர் போட்டுக்கச் சொல்லியிருக்கார்.

மாமியார்: எந்த டாக்டர், பல் டாக்டரா?

மருமகள்: அத்தை… அந்தப் பொண்ணு வர்றா.

மாமியார்: யாரு, நீலச் சட்டைக்காரியா? கடையில வேலை பாக்கிறவதானே, வரட்டும். அவளையே கேப்போம். என்ன சொல்றா?

மருமகள்: இருங்க… உதவி வேணுமாங்கிறா. யாருக்குன்னு கேட்டா, உங்களுக்குன்னு சொல்லிட்டேன். அய்யோ, உங்க தலையைப் பாத்து அசந்து போறா. இவ்வளவு நேர்த்தியா யார் பூசி விட்டாங்கன்னு கேக்குறா.

மாமியார்: ஆண்டவன்னு சொல்லு.

மருமகள்: சிரிக்கிறா. வெள்ளை எவ்வளவு இருக்கு, எங்கெங்க இருக்குன்னு சொல்லணுமாம்.

மாமியார்: முன் நெத்தியில ஒரு கத்தை. வகிட்டுல ரெண்டு பக்கமும் அரை விரல். இடது காதுக்கு மேல ஒரு பட்டை. பின்னால கிடையாது. என்ன முழிக்கிறே? சொல்லு அவகிட்ட.

மருமகள்: இடது காதுக்கு மேலயா… உங்களுக்கா?

மாமியார்: எனக்கில்லாம உனக்கா?

மருமகள்: இல்ல… இல்ல இல்ல! சொல்றேன். … மூணாம் நம்பர் எடுக்கச் சொல்றா. ஆனா ஒண்ணு, புதுச் சாயம்னா முன்னாடியே சோதனை பண்ணியாகணுமாம். காதுக்குப் பின்னால ஒரு சொட்டு தடவி, நாப்பத்தெட்டு மணி நேரம் அப்படியே விட்டுடணும். அரிக்கலை, தடிக்கலைன்னாதான் தலைக்குப் போடணும். மாதிரிக்குன்னு ஒரு பாட்டில் வெச்சிருக்கா, இப்பவே தடவி விடறாளாம். காதைக் காட்டுங்க.

மாமியார்: உனக்குத் தடவச் சொல்லு.

மருமகள்: எனக்கா!

மாமியார்: உன் தோல் இளசு. அரிக்கிறதா இருந்தா உனக்குத்தான் முதல்ல அரிக்கும்.

மருமகள்: இது எந்த ஊர் நியாயம் அத்தை? பிள்ளை பெத்தவ ஒருத்தி, பத்தியம் இருக்கிறவ இன்னொருத்தியா?

மாமியார்: அவளைக் காக்க வைக்காதே, பாவம், கையில பஞ்சோட நிக்கிறா.

மருமகள்: குல்லாயை…

மாமியார்: கழட்ட வேண்டாம். மடல் தெரியிற அளவுக்குத் தூக்கு, போதும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், சரியா?

மருமகள்: நீங்க எதுக்குத் திரும்… ஸ்ஸ்! சில்லுனு இருக்கு.

மாமியார்: ஆச்சு. வீட்டுக்குப் போய்க் கழுவித் தொலைச்சுடாதே.

மருமகள்: அப்பாடா, மூணாம் நம்பரை வாங்கிக்கிட்டு வெளியில வந்தாச்சு. பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு. இப்படி பெஞ்சுல உக்காருங்க. பையை என்கிட்ட குடுங்க.

மாமியார்: இன்னைக்கு வியாழன். சனிக்கிழமை மத்தியானத்தோட உன் காதுக் கெடு முடியுது. வெளியூர் போயிருக்கிற உன் புருஷன் எத்தனை மணிக்கு வந்து இறங்கறான்?

மருமகள்: சாயங்காலம் ஆறு.

மாமியார்: அப்போ நேரம் இருக்கு. ரெண்டு மணிக்குப் பூசினா நாலு மணிக்குள்ள காஞ்சுடும்.

மருமகள்: உங்க பிள்ளைக்காகவா இவ்வளவு அவசரம்? உங்களை வெள்ளை முடியோட பாத்தா அவருக்கு என்ன?

மாமியார்: அதான் நானும் கேக்குறேன். பாத்தா அவனுக்கு என்னவாம்?

மருமகள்: நீங்க பெத்தவங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது…

மாமியார்: சரி, அதை விடு. எனக்கு ஒரு சந்தேகம். இருபத்துநாலு பாக்கெட் கொண்டு வந்தேன். மாசத்துக்கு ஒண்ணுன்னா ரெண்டு வருஷம் வரணும். அதுக்குள்ள பெட்டி காலி. எப்படி?

மருமகள்: ஈரத்துல கட்டி தட்டியிருக்கும். நீங்களே தூக்கிப் போட்டிருப்பீங்க.

மாமியார்: வீட்டுல இருக்கிறது மூணு பேர். நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தேவையில்லை. அப்போ அவன்தான். எனக்குத் தெரியாம மீசைக்குப் பூசிக்கிறான் திருட்டுப் பய. சனிக்கிழமை வரட்டும், செருப்பைக் கழட்டறதுக்குள்ள கேட்டுடறேன்.

மருமகள்: அய்யோ, கேக்காதீங்க அத்தை!

மாமியார்: ஏன்? பெத்தவ கேக்கக் கூடாதா?

மருமகள்: அவர் எடுக்கல.

மாமியார்: பின்னே பூனை எடுத்துச்சா? சரி, பஸ் வருது பாரு.

மருமகள்: அது நம்ம பஸ் இல்ல. அத்தை… நான்தான்.

மாமியார்: நீதான்னா?

மருமகள்: எடுத்தது நான்தான். பதினாறு வயசுலயே நரை ஆரம்பிச்சுடுச்சு. முதல்ல ஒண்ணு ரெண்டுன்னு பிடுங்கிப் போட்டேன். அப்புறம் பிடுங்கினா தலையே மிஞ்சாதுன்னு ஆச்சு. எங்க அம்மாதான் பூசி விடுவாங்க. நீங்கள்லாம் பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னைக்குக் காலையிலகூட… "தாலி ஏறுற வரைக்கும் வாயைத் திறக்காதே"ன்னாங்க. ஏறினப்புறம் "இப்போ சொல்லிடவா"ன்னு கேட்டேன். "இனிமே எதுக்குத் திறக்கிறே"ன்னாங்க. அஞ்சு வருஷம் ஓடிடுச்சு. அவருக்கு இன்னும் தெரியாது.

மாமியார்: அஞ்சு வருஷமும் ஒரே வீட்டுலயா மறைச்சே?

மருமகள்: அவர் வேலைக்குப் போனதும் பூசிப்பேன். தரையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, வாசனை போக ஊதுபத்தி கொளுத்திடுவேன்.

மாமியார்: அதானா! நான் உனக்குப் பக்தி முத்திடுச்சுன்னு நினைச்சேன்.

மருமகள்: சிரிக்காதீங்க அத்தை. நான் ஊர்லேர்ந்து கொண்டு வந்தது தீந்து போனதும் எட்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு பெட்டி வாங்கி, சோதனையும் பண்ணாம பூசி, தலையெல்லாம் கொப்புளம். அழுதுக்கிட்டே இருந்தேன். அப்போதான் நீங்க வந்தீங்க. குளியலறை அலமாரியைத் திறந்தா உங்க பெட்டி… அதே பாக்கெட்! சாமி கொண்டாந்து வெச்ச மாதிரி இருந்துச்சு. தப்புதான். ஆனா பன்னெண்டு, மிஞ்சிப் போனா பதிமூணுதான் எடுத்திருப்பேன்.

மாமியார்: இருபத்துநாலு.

மருமகள்: இல்லவே இல்ல. மீதியை நீங்கதானே…

மாமியார்: நான் ஒண்ணுகூடத் தொடல.

மருமகள்: அப்போ உங்க தலை?

மாமியார்: என் தலை சொந்தத் தலை. எங்க அம்மா எழுபத்தஞ்சுல போறப்பவும் கருகருன்னுதான் போனா. எங்க வம்சத்துல பொம்பளைங்க யாருக்கும் நரைச்சதில்லை.

மருமகள்: நிஜமாவா? ரொம்ப நல்லாப் பூசறாங்களேன்னு உங்க மேல பொறாமைப்பட்டேனே! … இருங்க. அப்போ அந்தப் பெட்டி… உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

மாமியார்: தெரியும். ஒரு வருஷமா.

மருமகள்: ஒரு வருஷமா? நீங்க இங்க வந்தே பதினோரு மாசம்தானே?

மாமியார்: அதுக்கு முன்னாடியே தெரியும்.

மருமகள்: எங்க அம்மா சொன்னாங்களா?

மாமியார்: உங்க அம்மா வாயைக் கடப்பாரை போட்டு நெம்பினாலும் திறக்க முடியுமா?

மருமகள்: சரி… யார் சொல்லியிருந்தாலும் இருக்கட்டும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை. முடி நரைச்சதுக்குக் கோவிக்க மாட்டார். ஆனா அஞ்சு வருஷம் மூஞ்சியைப் பாத்துப் பாத்து ஏமாத்தியிருக்கேன். இனி நான் எதைச் சொன்னாலும் நம்புவாரா? பயமா இருக்கு. என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.

மாமியார்: உனக்குச் சத்தியம் பண்ண என் கை காலியா இல்லைடி. ஏற்கெனவே ஒருத்தன் வாங்கி வெச்சிருக்கான்.

மருமகள்: யாரு?

மாமியார்: "அம்மா, அவளுக்கு அந்தப் பாக்கெட் தீந்துபோச்சு, வெளியில சொல்லவும் முடியாமத் தவிக்கிறா, நானும் அவளுக்குத் தெரியாம எல்லாக் கடையும் தேடிட்டேன், கிடைக்கல, நீ வரும்போது ரெண்டு டஜன் எடுத்துக்கிட்டு வந்து உனக்குன்னு சொல்லி அலமாரியில வெச்சுடு, அவ தானா எடுத்துப்பா, எனக்குத் தெரியும்னு மட்டும் மூச்சு விட்டுடாதே"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினவன்தான், சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து இறங்கறான்.